பிரெட் மெஷினுக்குப் பாதிச் சம்பளம்

கோத்தன்பர்க், சுவீடன்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தனக்கு ஒரு பிரெட் மெஷின் வேண்டும், அதை வைத்து வீட்டிலேயே சின்னமன் ரோல் செய்யப்போகிறேன் என்று தங்கச்சி எழுதியிருக்கிறாள். அந்தக் கடிதத்தின் அடியிலேயே நீங்கள் தடையுத்தரவும் போட்டிருக்கிறீர்கள். மாவு பிசையக்கூட மெஷின் என்றால் கடவுள் கையை எதற்குக் கொடுத்தான், வெள்ளைக்காரன் பன்னைக் கொல்லிமலைச் செம்மேட்டில் யார் தின்பது, மைதா உடம்புக்கு ஆகுமா, நடுவில் கரண்ட் போனால் மாவு கதி என்ன என்று மூச்சுவிடாமல் கேட்டிருக்கிறீர்கள். பஞ்சாயத்தில் பேசிப் பழகிய வாய். நேரில் என்றால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மடக்கிவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்ற ஒரே தைரியத்தில் முழு வழக்கையும் எழுதி அனுப்புகிறேன். மெஷின் உள்ளே வந்தால் வீட்டுச் சமையல் வெளியே போய்விடும் என்பது உங்கள் கட்சி. முதுகை ஒடிக்கும் வேலையை எடுத்துக்கொண்டு, கண்ணுக்கும் விரலுக்கும் உரிய வேலையை நம்மிடமே விட்டுவிடுகிற மெஷின்தான் வீட்டுப் பண்டத்தைக் காப்பாற்றுகிறது என்பது என் கட்சி. அதற்குச் சாட்சி சுவீடனில் பாதி இருக்கிறது, கொல்லிமலையிலேயே மீதி இருக்கிறது.

முதலில் குற்றம்சாட்டப்பட்ட பண்டத்தைக் கூண்டில் ஏற்றிவிடுகிறேன். மார்கழியில் மதியம் மூன்றரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும் இந்த ஊரில், மனிதர்கள் பைத்தியம் பிடிக்காமல் இருப்பதற்கு ஃபீக்கா என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். வேலையை நிறுத்திவிட்டுக் காபியும் ஏதாவது ஒரு பன்னும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுவது. நம் மலைச் சோளக்காட்டுச் சந்தையன்று டீக்கடை பெஞ்சில் நடப்பதுதான், என்ன, இங்கே அரசியல் கொஞ்சம் குறைவு. அந்தப் பன்களுக்கெல்லாம் ராஜா கனேல்புல்லே என்கிற பட்டை பன், அதாவது தங்கச்சி கேட்கும் சின்னமன் ரோல். பால், வெண்ணெய், சர்க்கரை சேர்த்துப் பிசைந்து பொங்கவைத்த மாவைப் பாய் மாதிரி விரித்து, அதன்மேல் வெண்ணெயும் சர்க்கரையும் பட்டைத்தூளும் குழைத்துத் தடவி, சுருட்டி, துண்டு போட்டுச் சுடுவது. மேலே கல்கல்லாய் வெள்ளைச் சர்க்கரை தூவுவார்கள். கோத்தன்பர்க்கில் ஹாகா என்று ஒரு பழைய பகுதி உண்டு. அங்கே ஒரு பன்னே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்கும். அதைத் தனியாளாகத் தின்று முடிப்பவரைப் பார்த்தால் நம் ஊர்க் கிடாவிருந்து ஆசாமிகளே எழுந்து நின்று கும்பிடுவார்கள். இந்தப் பன்னுக்கு ஆண்டுதோறும் அக்டோபர் 4-ஆம் தேதி திருநாள்கூட உண்டு. உடனே புராணம் இருக்குமோ என்று தேடாதீர்கள். மாவும் ஈஸ்ட்டும் சர்க்கரையும் மார்ஜரினும் விற்கிறவர்கள், ஜனங்கள் வீட்டில் சுடுவதை விட்டுவிடக்கூடாதே என்ற கவலையில் 1959-இல் ஒரு மன்றம் வைத்தார்கள். அதன் நாற்பதாம் ஆண்டையொட்டி 1999-இல் ஏற்படுத்திய நாள் அது. வியாபாரத் திருவிழாதான், மறுக்கவில்லை. ஆனால் வியாபாரிகள் கவலைப்பட்டார்கள் என்பதையே நான் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். அடுப்பு இருக்கிற வீட்டிலும் சுடும் பழக்கம் தானாக நிற்பதில்லை. அதை யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளைக்காரன் பன் என்றீர்களே, அதைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளைக்காரனுடையது மாவும் வெண்ணெயும்தான். சுவீடன் பன்னின் மாவுக்குள்ளேயே ஏலக்காய் இடித்துப் போடுகிறார்கள். அந்த வாசனை இல்லையென்றால் இந்த ஊர்க் கிழவிகள் அதைப் பன் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஏலக்காய்ச் செடி இந்தக் குளிரில் முளைக்கக்கூட முளைக்காது. பட்டையின் கதை இன்னும் கொடியது. அதற்காகத்தான் போர்த்துக்கீசியன் இலங்கைக் கரையில் கோட்டை கட்டினான், 1658-க்குள் டச்சுக்காரன் அவனை விரட்டிவிட்டு உட்கார்ந்தான். காட்டுக்குள் போய்ப் பட்டை உரித்துக் கொடுப்பதைச் சலாகம என்ற ஒரு சாதியாரின் கட்டாய ஊழியமாகவே வைத்திருந்தார்கள். பிறகுதான் தோட்டம் போட்டார்கள். கொழும்பில் பணக்காரர்கள் குடியிருக்கும் கறுவாத்தோட்டம் அந்தப் பெயரைத்தான் இன்றும் சுமக்கிறது. இன்றைக்கு ஐரோப்பியக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அந்த மெல்லிய இலங்கைக் கறுவா இல்லை. சீனா, இந்தோனேசியா, வியட்நாம் பக்கத்திலிருந்து வரும் தடித்த காசியா பட்டை. நம் பிரியாணிச் சட்டியில் கிடப்பதும் பெரும்பாலும் அதன் பங்காளிதான். அந்தக் காசியாவில் கூமரின் என்று ஒரு பொருள் கூடுதல். அளவுக்கு மீறினால் கல்லீரலுக்கு ஆகாது என்று ஐரோப்பியச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. சாதாரண இனிப்பு பன் வகைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், பாரம்பரியப் பண்டம் என்றால் 50. 2013-இல் டென்மார்க்கின் உணவுத் துறை தங்கள் ஊர் பன்னைச் சாதாரண வகையில் சேர்க்கப்போக, பேக்கரிக்காரர்கள் போர்க்கொடி தூக்கிவிட்டார்கள். கடைசியில் பன் பாரம்பரியமானது என்று தீர்ப்பாகித்தான் நாடு அமைதியானது. நம் பக்கத்து வாசனைச் சரக்கைப் போட்டுச் செய்துவிட்டு அதற்குப் பாரம்பரியச் சான்றிதழும் வாங்கிக்கொண்டவர்களிடமிருந்து ஒரு பன்னைத் திருப்பி எடுத்துக்கொள்வதில் என்ன குலத்துரோகம், சொல்லுங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். இந்தப் பன்னில் இரண்டு விதமான உழைப்பு இருக்கிறது; இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் நம் சண்டையே. ஒன்று பிசைவது. கோதுமை மாவில் இருக்கும் புரதம் தண்ணீர் பட்டு, இழுபட்டு, ஒன்றோடொன்று பின்னி ஜவ்வாக வேண்டும். அந்த ஜவ்வுக்குள்தான் ஈஸ்ட் விடும் காற்று தங்கும். வெண்ணெயும் சர்க்கரையும் அதிகம் விழுந்த மாவில் இந்தப் பின்னல் சீக்கிரம் கூடிவராது. கையில் ஒட்டும், பலகையில் ஒட்டும், ஒட்டுகிறதே என்று மாவு தூவினால் பன் கல்லாகும். கால்மணி நேரமாவது தோளும் மணிக்கட்டும் சேர்ந்து மல்லுக்கட்ட வேண்டும். மாவில் ஒரு துளி கிள்ளி இரண்டு கையாலும் மெல்ல விரித்தால், கிழியாமல் வெளிச்சம் தெரிகிற அளவுக்குப் படலமாக வர வேண்டும், அதுதான் கணக்கு. இதில் கலை கொஞ்சம், கூலிவேலை அதிகம். இரண்டாவது உழைப்பு விரிப்பது, தடவுவது, சுருட்டுவது, வெட்டுவது. எவ்வளவு கனத்தில் விரிப்பது, ஓரத்தில் எவ்வளவு இடம் விடுவது, எவ்வளவு இறுக்கிச் சுருட்டுவது என்பதைக் கண்தான் சொல்லும். இறுக்கிச் சுருட்டினால் சுடும்போது நடுப்பகுதி எரிமலையாக மேலே கிளம்பும்; தளர்த்திச் சுருட்டினால் சர்க்கரையெல்லாம் தட்டில் ஓடும். இந்தச் சுருட்டலை வெறும் அழகுக்கு என்று நினைக்காதீர்கள். பட்டைக்கு அந்த வாசனையைத் தரும் எண்ணெய் ஈஸ்ட்டுக்கு எதிரி. நிறையப் பட்டையை மாவிலேயே கலந்தால் மாவு பொங்கவே யோசிக்கும். ஏலக்காய் மாவுக்குள், பட்டை மடிப்புக்குள் என்று சம்பந்திகளைத் தள்ளி உட்காரவைத்திருப்பதற்குக் காரணம் உண்டு.

பிரெட் மெஷின் பிறந்த கதையே என் கட்சிக்கு வக்கீல். இன்று பானசோனிக் என்கிற ஜப்பானிய மட்சுஷிதா கம்பெனி 1980-களில் வீட்டுக்கு ஒரு பிரெட் மெஷின் செய்யப் பார்த்தது. எத்தனை வடிவம் செய்தும் மேலே கருகும், உள்ளே வேகாது. இக்குகோ தனாகா என்ற பெண், கம்பெனியில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர், ஒசாகாவில் பிரெட்டுக்குப் பேர்போன ஒரு ஓட்டலின் தலைமை பேக்கரிடம் போய்ப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அந்த மாஸ்டர் பிசையும்போது மாவை வெறுமனே அமுக்குவதில்லை, முறுக்கி இழுக்கிறார் என்பதைக் கண்டுபிடித்தார். அந்த முறுக்கை மெஷினுக்குள் கொண்டுவரப் பாத்திரத்தின் உட்பக்கச் சுவரில் மேடுகள் வைத்தார்கள். 1987-இல் மெஷின் சந்தைக்கு வந்தது, நோனாகா என்ற நிர்வாகவியல் பேராசிரியர் இந்தக் கதையை எழுதி உலகமெங்கும் பாடமாக்கிவிட்டார். கவனியுங்கள் சித்தப்பா, மெஷின் முழுசாகப் பிடித்துக்கொண்டது பிசையும் கையைத்தான். அடியில் ஒரு சின்னத் துடுப்பு சுற்றுகிறது, ஓரத்து மேடு மாவை மறிக்கிறது, கீழே இருக்கும் சூடேற்றி மாவு பொங்குவதற்கான வெதுவெதுப்பை விடாமல் தருகிறது. இந்த இரண்டு வேலைக்கும் மெஷினுக்கு நான் முழு மதிப்பெண் போடுகிறேன். அதற்கு மேல் அது செய்வதாகச் சொல்லிக்கொள்வதில்தான் எனக்குச் சந்தேகம்.

பட்டனை ஒரு தடவை அமுக்கினால் பிசைந்து, பொங்கவைத்து, சுட்டு, பீப் அடித்துக் கூப்பிடும் மெஷினைப் பாதியில் நிறுத்துவானேன், காசு கொடுத்ததற்கு முழு வேலையும் வாங்க வேண்டாமா என்று சித்தி கேட்பார். நியாயமான கேள்வி. ஓர் அம்பு விட்டு யானை, புலி, மான், பன்றி, உடும்பு வரை வரிசையாக உருவவைத்த வல்வில் ஓரியின் மலையில் பிறந்தவர்களுக்கு ஒரு பட்டனில் எல்லாம் முடிய வேண்டும் என்ற ஆசை இருப்பது இயற்கை. ஆனால் அந்த மெஷினின் வயிற்றில் இருப்பது ஒரே ஒரு செங்குத்தான பாத்திரம். அதில் வெளியே வருவது ஒற்றைக் கட்டி ரொட்டி, அதன் அடியில் துடுப்பு நின்ற இடத்தில் ஓர் ஓட்டையோடு. பட்டைத்தூளை அதற்குள் கொட்டினால் சுருள் வராது. பழுப்பு நிறத்தில் ஒரு குழப்பம் வரும், ஈஸ்ட்டும் கோபித்துக்கொள்ளும். ஒவ்வொரு பன்னுக்கும் தனியாக ஓரம் சிவப்பதும், மடிப்புக்கு மடிப்பு வெண்ணெய் கசிவதும் தட்டில் பரப்பி வைத்தால்தான் நடக்கும். அதனால்தான் மெஷினிலேயே மாவு மட்டும் என்று ஒரு தனிப் பட்டனைப் போட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பிசைந்து ஒரு முறை பொங்கவைத்து நிறுத்திவிடும். அதை அமுக்கினால் போதும். பாதிச் சம்பளம், பாதி வேலை. அதிலும் மேற்பார்வை வேண்டும். மெஷினுக்கு மாவைத் தொட்டுப் பார்க்கத் தெரியாது. முதல் ஐந்து நிமிடத்தில் மூடியைத் திறந்து பார்த்து, மாவு உருண்டையாகத் திரளாமல் சேறாகக் கிடந்தால் ஒரு கரண்டி மாவு, வறண்டு பிளந்தால் ஒரு கரண்டி பால் விட வேண்டும். மூடியைத் திறந்தால் ஷாக் அடிக்குமோ என்று பயப்படாதீர்கள், அந்தக் கட்டத்தில் திறக்கலாம். பால் சூடாகிவிட்டதா என்பதையும் விரல்தான் பார்க்க வேண்டும். 37 டிகிரி, அதாவது விரல் வைத்தால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது.

கரண்ட் விஷயத்தில் உங்கள் கவலையில் உண்மை உண்டு, ஆனால் அதுவும் என் பக்கமே சாய்கிறது. இந்தியாவிலும் சுவீடனிலும் ஓடுவது அதே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் வேண்டாம். பல மெஷின்கள் சில நிமிடம் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும்; அதற்கு மேல் போனால் எல்லாம் மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பிக்கும். சுடும் கட்டத்தில் போனால் நடுவில் வேகாத கட்டி, கோழிக்குக்கூடப் போட முடியாது. பிசையும் கட்டத்தில் போனால் மாவை வெளியே எடுத்து மீதியைக் கையால் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, அடுப்படியில் வைத்துவிடலாம். முழு வேலையையும் மெஷினிடம் ஒப்படைத்தவர்தான் மின்வாரியத்துக்கு அடிமை. பாதி கொடுத்தவருக்குப் பாதி சுதந்திரம். பிசையும் மோட்டார் ஒரு மிக்சி அளவுகூட மின்சாரம் கேட்காது, சுடும் கம்பிதான் விழுங்கும். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் பிசையும் வேலை சிரமமில்லாமல் ஓடும்.

கையால் பிசைந்தால்தான் ருசி என்பது உங்கள் பிரம்மாஸ்திரம். இதே அஸ்திரத்தை 1955-க்குப் பிறகு கோயம்புத்தூர்க்காரர்கள் மேலும் விட்டிருப்பார்கள். அந்த ஆண்டு வாக்கில்தான் அங்கே சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் மாட்டி வெட் கிரைண்டர் செய்தார் என்று சொல்வார்கள். பிற்பாடு புவிசார் குறியீடே வாங்கிய சரக்கு அது. அதில் கல் மாறவில்லை, உளுந்து மாறவில்லை, புளிக்கும் பானையும் மாறவில்லை. குழவியைச் சுற்றும் கை மட்டும் விடுதலையானது. அதனால் இட்லி அழிந்ததா? நாள்கிழமைக்கு மட்டும் இட்லி சுட்ட வீடுகளில் வாரத்துக்கு நாலு நாள் இட்லி, மீதி நாள் அதே மாவில் தோசை என்றானது. ஆட்டுக்கல் மாவின் அருமையைப் பற்றிக் கண்கலங்கப் பேசுகிறவர்களைக் கூர்ந்து பாருங்கள், பெரும்பாலும் ஆண்கள். ஆட்டியவர்கள் யாரும் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார்கள். சுவீடனிலும் இதே கதைதான். 1940-இல் எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி அசிஸ்டென்ட் என்று ஒரு மாவு பிசையும் மெஷினைக் கொண்டுவந்தது. கிண்ணம் சுற்றும், ஓர் உருளை மாவை அமுக்கும், அவ்வளவுதான். சுடாது, சுருட்டாது. அந்த மெஷின் பேர் மாறி, கை மாறி, எண்பது வருஷம் தாண்டியும் விற்கிறது, பன்னும் வீடுகளில் சுடப்படுகிறது. சுவையைத் தீர்மானிப்பது மாவு எவ்வளவு நேரம் நிதானமாகப் பொங்கியது, வெண்ணெய் நல்லதா, பட்டை புதிதாக இடித்ததா என்பவை. கைவியர்வை அந்தப் பட்டியலில் இல்லை.

இதற்கெல்லாம் மேலான சாட்சி உங்கள் வாசலிலேயே இருக்கிறது. கொல்லிமலையில் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று சாமையிலேயே எத்தனை ரகம் இருந்தன என்று நீங்கள்தான் பெருமை பேசுவீர்கள். அவை ஏன் தட்டை விட்டுப் போயின? சாமையின் உமி அரிசியோடு இறுக ஒட்டியது. உரலில் போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்துத்தான் ஒரு வேளைச் சோறு. காட்டு வேலை முடித்து வந்த பெண்கள் ராத்திரி அடுப்பு மூட்டுவதற்கு முன் செய்த வேலை அது. கேழ்வரகுக்கு அந்தத் தண்டனை இல்லை, தட்டித் தூற்றி நேரே அரைத்துக் களி கிண்டலாம். சரி, மரவள்ளி வந்து நிலத்தைப் பிடித்ததும், ஆத்தூர், சேலம், நாமக்கல் சேகோ ஆலைகள் கொடுத்த ரொக்கமும், ரேஷன் அரிசியும் காரணமில்லையா என்று கேட்பீர்கள். காரணம்தான், பெரிய காரணம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ரேஷன் அரிசி ஜெயித்தது விலையில் மட்டுமா? அது உமி நீக்கி வந்தது. ஒரு பக்கம் மெஷினில் தீட்டிய அரிசி, இன்னொரு பக்கம் உலக்கை என்றால் போட்டி ஆரம்பிக்கும் முன்பே முடிந்துபோகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து நம் மலையில் சிறுதானியத்துக்காக வேலை செய்தபோது, விதையைச் சேகரித்துப் பாதுகாத்ததோடு நிற்கவில்லை. ஊருக்குள் சின்ன உமி நீக்கும் மெஷின்களைக் கொண்டுவந்து மகளிர் குழுக்கள் கையில் கொடுத்தார்கள். மெஷின் எடுத்துக்கொண்டது உலக்கையை. சோறாக்குவதா, பாயசம் வைப்பதா, உப்புமா கிண்டுவதா என்பது வீட்டிலேயே இருந்தது. 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியபோது நகரத்து மேடைகளில் சாமையின் மகிமையைப் பேசியவர்கள் பலர். உலக்கையைப் பற்றிப் பேசியதாகக் காதில் விழவில்லை. உமி நீக்கும் மில் வரலாம், மாவு பிசையும் மில் வரக்கூடாது என்றால் அந்த வேலி எந்த இடத்தில் போட்டது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

மைதா பற்றிய உங்கள் கண்டனத்தை ஒப்புக்கொள்கிறேன். இது தினமும் தின்னும் பண்டமில்லை. சாமையில் செய்தால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள் என்பதும் தெரியும். சாமையிலும் தினையிலும் கோதுமையின் அந்த ஜவ்வுப் புரதம் கிடையாது, முழுக்கச் சாமை மாவு போட்டால் மெஷின் அதைப் பிசைந்து பிசைந்து சோர்ந்துபோகும், காற்று தங்காது. ஐந்தில் ஒரு பங்கு சாமை மாவோ கேழ்வரகு மாவோ, மீதி கோதுமை என்றால் மாவு தாங்கும், மணமும் கூடும். உள்ளே தடவுவதற்கு வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போடலாம், நம் மிளகைப் பட்டையோடு ஒரு சிட்டிகை சேர்க்கலாம். வடக்கு ஐரோப்பாவில் இனிப்பு ரொட்டிக்கு மிளகு போடுவது புதிதில்லை. பலாச்சுளையை வதக்கி நறுக்கிப் போட்டால் இங்கே இருப்பவர்கள் விமானம் ஏறி வருவார்கள். அன்னாசியில் மட்டும் ஜாக்கிரதை. பச்சை அன்னாசியில் புரதத்தை அறுக்கும் ஒரு நொதி இருக்கிறது. மெஷின் பாடுபட்டுப் பின்னிய ஜவ்வை அது கூழாக்கிவிடும். சர்க்கரைப் பாகில் கொதிக்கவிட்டுத்தான் போட வேண்டும். மலையில் இன்னொரு விஷயம் உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே காற்றழுத்தம் குறைவு, அதனால் மாவு சீக்கிரம் உப்பும்; அவசரமாக உப்பிய மாவில் ருசி குறைவு, சுடும்போது அமுங்கியும் போகும். ஈஸ்ட்டைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஆனால் மார்கழிக் குளிரில் இட்லி மாவே புளிக்காமல் அடம்பிடிக்கும் ஊர் அது. அந்த நாளில் மெஷினின் வெதுவெதுப்புக்கு விலையே கிடையாது. (இட்லி மாவை அதற்குள் வைத்துப் பார்க்கலாமா என்று சித்தி கேட்டால், புளிக்கவைக்க மட்டும் வைக்கலாம், துடுப்பைக் கழற்றிவிட்டு.)

நாமக்கல் பேக்கரியில் வாங்கிவந்தால் போயிற்று என்ற யோசனைக்கு அதிக மை செலவழிக்க வேண்டியதில்லை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் மனிதனே நிறம் மாறிவிடுகிறான். இந்தப் பன் சுட்ட அன்றுதான் மெத்தென்று இருக்கும். மறுநாள் மாவுச்சத்து இறுகி வறண்டுவிடும், ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் வேகமாக இறுகும்.

தங்கச்சிக்கு அளவு எழுதுகிறேன், படித்துக் காட்டுங்கள். வெதுவெதுப்பான பால் 250 மில்லி, உருகிய வெண்ணெய் 75 கிராம், சர்க்கரை 60 கிராம், உப்பு அரை ஸ்பூன், ஒன்றிரண்டாக இடித்த ஏலக்காய் ஒரு ஸ்பூன், மாவு 420 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஆறு கிராம். எது முதலில், எது கடைசியில் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், அதன் புத்தகம் சொல்லும். ஈஸ்ட்டும் உப்பும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும். மாவு பொங்கியதும் எடுத்து, அரை விரல் கனத்துக்கு விரித்து, 75 கிராம் வெண்ணெயில் சர்க்கரையும் ஒரு மேசைக்கரண்டி பட்டைத்தூளும் குழைத்துத் தடவ வேண்டும். வெட்டுவதற்குக் கத்தியைவிட நூல் நல்லது. சுருளுக்கு அடியில் நூலை விட்டு, மேலே குறுக்காகப் பிடித்து இழுத்தால் நசுங்காமல் துண்டாகும். பிறகு அரை மணி நேரம் சும்மா விட வேண்டும். ஓவன் இருந்தால் 225 டிகிரியில் பத்து நிமிடம். இல்லையென்றால் அடிகனத்த குக்கரில் உப்பு பரப்பி, ஸ்டாண்டு வைத்து, பத்து நிமிடம் காயவிட்டு, சின்னத் தீயில் அரை மணி நேரம். கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றியாயிற்றா என்று நீங்களே நேரில் நின்று பாருங்கள், அது ஒன்றுதான் இதில் உங்கள் வேலை. குக்கரில் வேகும் பன்னுக்கு மேலே நிறம் வராது. வெளுத்திருக்கிறதே என்று உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், திருப்பிப் பாருங்கள், அடியில் சிவந்திருக்கும்.

மெஷினை அடுத்த மாதம் ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். இந்த ஊர் பிளக் நம் சுவரில் சரியாக நிற்காது, ஒரு அடாப்டர் வாங்கி வையுங்கள். அது உங்கள் செலவு.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்